கடைசி மடிப்பு

தலையை மட்டும் ஆட்டிராதீங்க பாட்டி, பேசவும் வேண்டாம், இருமல் வந்தா வர்றதுக்கு முந்தியே சொல்லிருங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் பச்சைத் துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டாள். பேசாமல் எப்படி முந்தியே சொல்வது என்று கேட்க மரகதத்தின் வாய் வரை வந்தது, பேசக் கூடாது என்பதால் விட்டுவிட்டாள். துணியில் வலது கண்ணுக்கு நேராக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைத் தவிர அவளிடம் இங்கே யாருக்கும் வேலை இல்லை. குளிர்ந்த மருந்து ஒன்று கண்ணில் விழுந்து காதுப் பக்கம் ஓடியது. இமையை விரித்து ஒரு கம்பியை மாட்டினார்கள். மூட வேண்டும் என்று நினைத்தால் நினைப்பு மட்டும் மூடியது, கண் மூடவில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது பேரோடு பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி, எந்தக் கண் என்று டாக்டர் மறந்துவிடாமல் இருக்க. பக்கத்தில் இருந்த வீரவநல்லூர்க்காரர் தனக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றும் எதில் ஒட்டினாலும் நஷ்டமில்லை என்றும் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே மணி ஏழு, எட்டு என்று மனசு எண்ணிக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியர் போன் செய்வார். அவளுடைய நாவலில் மூன்று வரி சேர்ப்பதற்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேண்டாம் என்பதுதான் வார்த்தை, அதில் சந்தேகம் இல்லை, போன செவ்வாய்க்கிழமை அவர் வந்து போனதிலிருந்து இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வார்த்தை என்ன? ஏன் வேண்டாம் என்று அவர் கேட்பார். என் கதையை நீங்கள் யார் ஐயா மாற்றுவதற்கு என்று சொல்லலாம், ஐம்பது வருஷமாகச் சொல்லப் பழகிய வாய்தான், நாடகக்காரர்களிடமும் படக்கதை போட வந்தவர்களிடமும் சொன்ன வாய். இந்தத் தடவை மட்டும் சொல்ல முடியாது. அவர் கேட்பது வேறு யாருடைய வரியையும் அல்ல. அவளுடைய வரியை. அவளுடைய கையெழுத்தில் இருப்பதை, நீல மசியில், கொம்பை இழுத்துச் சுழிக்கும் அவளுடைய பழைய சுழியோடு, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். லைட்டைப் பாருங்கம்மா என்றது ஒரு ஆண் குரல். டாக்டர் ஜெபசிங்காகத்தான் இருக்க வேண்டும். எந்த லைட்டை? மூன்று இருந்தன, மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று கரைந்துகொண்டிருந்தன.

இன்லண்டு லெட்டரில் எழுதியதுதான் எல்லாம். இருபத்தேழு அத்தியாயம், இருபத்தேழு இன்லண்டு. இசக்கியும் உப்பு அம்பாரமும் என்ற நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அத்தியாயங்களின் சிக்கனத்தைத்தான் முதலில் சொல்வார்கள். குழந்தைகளின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அளந்து எழுதப்பட்டவை என்று ஒரு விமர்சகர் எழுதினார். அளந்தது தபால் இலாகா. தூத்துக்குடிக்குத் தெற்கே அந்த உப்பள ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் டீச்சர்கள் தங்கும் வீட்டில், ஒரு அறைக்கு நான்கு பேர். ஒருத்தி கட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதினால் மற்ற மூன்று பேரும் கேட்பார்கள், மறுநாள் தாளாளருக்குத் தெரியும். அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் இன்லண்டு எழுதுகிறவளை யார் கேட்பார்கள்? அம்மாவுக்கு எழுதுகிறாள், தம்பிக்கு எழுதுகிறாள், வாரா வாரம் எழுதுகிறாளே என்று சகாயமேரி டீச்சர் மட்டும் ஒரு தடவை தன்னையே திட்டிக்கொண்டாள், இப்படி ஒரு அக்கா நமக்கு இல்லையே என்று அவளுடைய தம்பிகள் ஏங்குவார்களாம். மூன்று பக்கம் எழுதி, அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்திலும் எழுதி, அதற்கும் மேலே கதை நீண்டால் ஒட்டுகிற மடிப்பில் பசை ஓரமாகப் பொடி எழுத்தில் எழுதி, ஒட்டி, சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டால் செவ்வாய்க்கிழமை சென்னையில் பத்திரிகை ஆசிரியர் சேஷகிரி பிரிப்பார். கவனமாகப் பிரிக்கிறவர்தான், முதல் இருபத்தாறையும் கவனமாகத்தான் பிரித்தார். இருபத்தேழாவதை ஏதோ அவசரத்தில் விரலை உள்ளே விட்டுக் கிழித்துவிட்டார். மடிப்பு போய்விட்டது. மடிப்பில் இருந்த கடைசி மூன்று வரியும் போய்விட்டது. தேடிப் பார்த்தாராம், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாராம். அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும், உப்பள ஊருக்குத் தந்தி கொடுத்தால் டீச்சர் அகப்பட்டுக்கொள்வாள். இருந்ததோடு முற்றும் என்று போட்டுவிட்டார். தலைமையாசிரியரின் உலக உருண்டையை உடைத்ததாகப் பழி சுமந்த பதினோரு வயசு இசக்கி, உடைத்தவன் தாளாளர் மகன் என்று தெரிந்திருந்தும், பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும் என்று சொல்லப்பட்டு, மேடைக்கு வருகிறாள். சொல் என்கிறார் தலைமையாசிரியர். இசக்கி நிமிர்ந்தாள். பள்ளிக்கூடமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. முற்றும்.

இந்த முடிவைப் பற்றி மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். தமிழ்ச் சிறார் இலக்கியத்தின் மிகத் துணிச்சலான மௌனம் என்று ஒருத்தி எழுதினாள். நல்ல பெண், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவாள். மெஷின் ஓட ஆரம்பித்தது; தூரத்தில் மாவு அரைக்கிற சத்தம், பிறகு அது மேலே ஏறிக் கொசுவின் சத்தம். புரையை உடைக்கிறோம்மா, வலிக்காது என்றார் டாக்டர். வலிக்கவில்லை. அவளுக்குள்ளே எதையோ உடைத்து உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் ரோஜா நிறமாகி, பிறகு தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளிந்தது மட்டும்தான். பாத்திகளில் உப்பு பூக்கும்போது இந்த நிறம் வரும், விடியற்காலை ஒரு கால்மணி நேரம், பிறகு வெள்ளைதான். பிள்ளைகளின் உள்ளங்காலும் வெள்ளைதான், வெடித்து வெடித்து. சனிக்கிழமைகளில் தொழிற்கல்வி என்ற பெயரில் தாளாளர் தன் பாத்திகளுக்கு ஆறாம் வகுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போய்க்கொண்டிருந்தார், உப்பு வாருகிற வாருகோல் பிடிக்கப் பழக வேண்டுமாம், அப்பனும் ஆத்தாளும் பிடிப்பதைப் பார்த்துப் பழகாத பிள்ளைகள் மாதிரி. மரகதம் கல்வி அதிகாரிக்கு எழுதினாள். அதுவும் இன்லண்டில்தான். பத்தே நாளில் அந்த இன்லண்டு தாளாளர் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு, வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம், தம்பி பாளையங்கோட்டையில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளை நிற்க வைத்து, அவர்களே எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். உணர்ச்சிவசப்பட்டு உண்மைக்கு மாறாக எழுதிவிட்டதற்கு. வாசித்தாள். முடித்துவிட்டுத் தலையைக் குனிந்திருந்தாள். தாளாளர் பின் வரிசையைப் பார்த்து, கேட்டுதா என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால கேக்கலங்காங்க டீச்சர், இன்னொரு தடவ வாசிச்சிருங்க என்றார், கோபமே இல்லாமல், மைக் சரியில்லை என்கிற மாதிரி. முதல் தடவை வாசித்ததை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். தம்பி இன்ஜினியர் ஆனான், அவன் மகள் மங்கைதான் இப்போது வெளியே இவளுடைய போனையும் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் கணக்கெல்லாம் சரி. இரண்டாம் தடவை இருக்கிறதே. முதல் தடவையைவிடச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் போடுகிற குரலில் வாசித்தாள். அந்தக் குரல் அவளுக்கே நல்ல குரல் என்று பட்டது. ஐம்பத்து நாலு வருஷமாக அவளால் தாண்ட முடியாத இடம் அதுதான். குளிக்கும்போது வரும், மேடையில் மாலை போடும்போது வரும், இப்போது கத்தி கண்ணுக்குள் இருக்கும்போதும் வருகிறது, பின்னால கேக்கலங்காங்க.

ஆகவே இசக்கி மன்னிப்புக் கேட்காமல் வேறு என்ன செய்வாள்? எழுதியவளுக்கு வேறு எதுவும் தெரியாது. அந்த அறையை விட்டு வெளியே வந்து இரண்டு மாதத்தில் முதல் அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தாள், இருபத்தாறு அத்தியாயமும் அந்தப் பெண்ணை ஓடவிட்டு, அம்பாரத்தின் உச்சியில் ஏறி நிற்கவிட்டு, தாளாளர் மகனைச் சேற்றில் தள்ளவிட்டு, கடைசியில் மேடை வந்ததும் கை தானாக எழுதியது. என்னை மன்னித்துவிடுங்கள் ஐயா, என்றாள் இசக்கி. ஐயா தலையை அசைத்தார். அன்று மாலையே அவள் பெயர் பதிவேட்டில் மறுபடியும் ஏறியது. எழுதும்போது அழக்கூட இல்லை. நியாயமான முடிவு என்றுதான் நினைத்தாள், பிள்ளை படிக்க வேண்டாமா. பத்திரிகை வந்து, மூன்று வரியைக் காணோம் என்றதும் ஆசிரியரே வெட்டிவிட்டார் என்று இரண்டு நாள் கோபம். பிறகு சேஷகிரியின் இன்லண்டு, நடந்ததைச் சொல்லி, பொறுத்துக்கொள்ள வேண்டும், புத்தகமாகும்போது அந்த வரிகளை எழுதி அனுப்பினால் சேர்த்துவிடலாம் என்று. அனுப்பத்தான் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் ஒரு பதில் கார்டு வந்தது, சாத்தூரிலிருந்து, ரா. குருவம்மாள், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, பத்திரிகை முகவரிக்கு எழுதி அங்கிருந்து கவரில் போட்டு அனுப்பப்பட்டது. இசக்கி சொல்லவில்லைதானே? எங்கள் வகுப்பில் பந்தயம் கட்டியிருக்கிறோம். சொல்லவில்லை என்று முப்பத்தெட்டுப் பேர், சொல்லியிருப்பாள் என்று ஒருத்தி, அவள் எப்போதுமே அப்படித்தான். சீக்கிரம் பதில் போடவும். பதில் எழுத வேண்டிய அட்டையும் கூடவே ஒட்டியிருந்தது, முகவரியை அந்தப் பிள்ளையே எழுதியிருந்தது. மரகதம் ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். அப்புறம் சொல்லவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி, அந்த அட்டையைத் தனியே கிழித்து அனுப்பினாள். பொய் சொன்னோம் என்று அன்று தூக்கம் பிடிக்கவில்லை. சேஷகிரிக்கு அந்த மூன்று வரியை அனுப்பவே இல்லை.

மெஷின் நின்றது. நல்லா ஒத்துழைக்கிறாங்க என்றார் டாக்டர், அவளைப் பற்றித்தான், அவளிடம் அல்ல. நர்ஸ் அவர் காதில் ஏதோ சொன்னாள். அப்படியா என்றார். இந்தம்மாவா? ஏ முப்பிடாதி, இத முதல்லயே சொல்லக் கூடாதா. பிறகு குரல் துணிக்குப் பக்கத்தில் வந்தது. எங்க அம்மா இந்தக் கதைய சொல்லித்தாம்மா எனக்குச் சோறு ஊட்டுவாங்க, இசக்கி கடைசியில பாவாடையில கட்டிக் கொண்டுவந்த உப்ப ஹெட்மாஸ்டர் மேசையில கொட்டிட்டு, எங்க உப்பு, தின்னு பாருங்கன்னுட்டுப் போவாளே, அதுக்குத்தான் கடைசி உருண்டைய வச்சிருப்பாங்க. மரகதம் அசையாமல் கிடந்தாள். அப்படி ஒரு வரி அவள் எழுதியதே இல்லை. பேசக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. புருவத்தைச் சுருக்கக்கூட முடியாது, அங்கே கம்பி இருக்கிறது. இல்ல சார் என்றாள் முப்பிடாதி. அவளுக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம்.

“அப்படி இல்ல சார். பிள்ளையெல்லாம் ஒண்ணொண்ணா எந்திரிச்சு மேடையில போய் இசக்கி பக்கத்துல நிப்பாங்க. கடைசியில ஹெட்மாஸ்டர் மட்டும்தான் கீழ நிப்பாரு.”

“அது சினிமாம்மா.”

“எங்க டீச்சர் புத்தகத்த வச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க.”

“எங்க அம்மாவும் புத்தகம் வச்சிருந்தாங்க. லென்ஸ குடு.”

லென்ஸ் வந்தது. டாக்டர் பேச்சை நிறுத்தினார், முப்பிடாதியும் நிறுத்தினாள். ஏதோ ஒன்று மடங்கி உள்ளே வந்து மெதுவாக விரிந்தது. அதை அவள் பார்த்தாள், தன் கண்ணுக்குள் நுழைவதைத் தன் கண்ணாலேயே. வெளிச்சம் மூன்றும் பிரிந்து மூன்றாக நின்றன. முடிவை மாற்றிச் சொன்னவர்களில் இவர்கள் இரண்டு பேர். தென்காசி பஸ்ஸில் ஒரு கண்டக்டர், இசக்கி விறுவிறுவென்று வெளியே நடந்து போய் அம்பாரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்றான், டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னான். கோவில்பட்டி வக்கீலம்மா, அவள் எதிர்க் கேள்வி கேட்பாள் என்றாள், மூன்று கேள்வி, வரிசையாகச் சொல்லியும் காட்டினாள். மலேசியாவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இதை நாடகமாகப் போட்டுவிட்டு எழுதினார், கடைசியில் அந்தப் பெண் மேடையில் சும்மா நிற்பாள், பார்க்க வந்தவர்கள் எழுந்து போகிற வரைக்கும் நிற்பாள், ஒரு வருஷம் நாற்பது நிமிஷம் யாரும் எழுந்திருக்கவில்லை, மழை வந்துதான் கலைந்தார்கள் என்று. எல்லாமே தப்பு. எதுவும் புத்தகத்தில் இல்லை. யாருடைய கடிதத்தையும் அவள் திருத்தியதில்லை, ஒரு டீச்சர் திருத்தாமல் விட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனால் இத்தனை தப்பிலும், இத்தனை வருஷத்தில், இத்தனை வாயில், இசக்கி மன்னிப்புக் கேட்டாள் என்று யார் சொன்னார்கள்? அவள் தேடினாள். பஸ்ஸில், கல்யாண வீட்டில், மேடைக்குக் கீழே, கார்டு கார்டாகத் தேடினாள். சாத்தூரில் ஒருத்தி, அவள் எப்போதுமே அப்படித்தான். அப்புறம் மரகதம். இரண்டே பேர்.

அதைப் பேராசிரியரிடம் சொல்ல முடியுமா? அவர் பெயர் தணிகாசலம், கெட்டவர் இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார், அம்மா அம்மா என்றுதான் பேசினார், இவள் எழுதியதையெல்லாம் பட்டியலிட்டு நூலடைவு தயாரித்த ஒரே ஆள் அவர். ஒரு பெரிய பதிப்பகம் நானூறு பள்ளிக்கூடங்களுக்கு ஏழாம் வகுப்புத் துணைப்பாடம் போடுகிறது, அதில் இசக்கியை முழு நாவலாகவே வைக்க வேண்டும் என்று குழுவில் சண்டை போட்டவரும் அவர்தான். குழு ஒரே ஒரு விஷயத்தில்தான் தயங்கியதாம். தலைமையாசிரியர் சொல் என்கிறார், பிள்ளை சொல்லவில்லை, அதோடு கதை முடிகிறது, இது என்ன முடிவு என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சேஷகிரியின் பேரன் பழைய கடிதக் கட்டுகளை அவரிடம் கொடுத்தான். குப்பைக் கூடையில் இல்லாத மடிப்பு, அதே தபாலில் வந்த வேறு யாரோ ஒருவருடைய இன்லண்டின் முதுகில் தன் பசையாலேயே ஒட்டிக்கொண்டு ஐம்பத்து நாலு வருஷம் கிடந்திருக்கிறது. தங்கள் மூல முடிவு அம்மா, நாங்கள் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, போனதைத் திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான் என்றார். அவள் வேண்டாம் என்று முகத்தில் காட்டியதும், சிரித்தார், சங்கடமாகத்தான் சிரித்தார். எப்படியானாலும் இந்த மடிப்பைப் பற்றி நான் கட்டுரை எழுதித்தான் ஆக வேண்டும், ஆய்வு நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா, பாடநூலில் சேர்ந்துவிட்டால் கண்டுபிடிப்பு, சேராவிட்டால், என்று நிறுத்தினார். சேராவிட்டால் என்ன என்று மங்கைகூடப் புரிந்துகொண்டாள். துணிச்சலான மௌனம் என்று ஊர் கொண்டாடியது ஒரு கிழிசல். கொண்டாட்டத்தை வாங்கிக்கொண்டு கிழவி சும்மா இருந்தாள். அவர் போன பிறகு மங்கை சொன்னாள், உங்க வரிதானே அத்தை, வேற எவனோ எழுதினதையா போடச் சொல்றாங்க. ஒரு வாரமாக மரகதம் அதையேதான் மென்றுகொண்டிருந்தாள். பயம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், கட்டுரை வரும், பட்டம் வாங்கிய மூன்று பேரும் படிப்பார்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து நின்றுபோகும். படிக்கட்டுமே. இந்தக் குளிரில் மல்லாந்து கிடக்கும்போது அது பெரிய பயமாகத் தெரியவில்லை. கிழிந்தது கிழிந்ததுதான். சேஷகிரி கிழித்தார். பிறகு முப்பத்தெட்டுப் பிள்ளைகள் படித்தார்கள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி இன்னொரு முறையும் அவளைக் கூப்பிட்டார்கள். அதை எந்தப் பேட்டியிலும் அவள் சொன்னதில்லை, சொன்னால் வீரம் மாதிரி இருக்கும். புத்தகம் வந்து, கதையில் வரும் பள்ளிக்கூடம் எது என்று ஊருக்கே தெரிந்து, அதே அறை, அதே பதினோரு நாற்காலி, இரண்டு முகம் மட்டும் மாறியிருந்தது. தாளாளருக்கு முடி நரைத்திருந்தது. அனுமதியின்றிப் புத்தகம் வெளியிட்டதற்கும், நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதற்கும். காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். வாசிக்கத்தான் போனாள். தொண்டையைச் செருமக்கூடச் செய்தாள். அப்போது அவளுக்குத் தோன்றியதெல்லாம் இவ்வளவுதான்: பின் வரிசையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் பதில் கார்டோடு, பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். வாசிங்க டீச்சர் என்றார் தாளாளர். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டொக்கென்றது. அவள் நின்றாள். துணிச்சலாக ஒன்றும் இல்லை, ஒன்றுக்கு வந்தது, வாய்க்குள் நாக்கு செருப்புத் தோல் மாதிரி கிடந்தது. எப்படி நிற்பது என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், அதனால் நின்றாள். அவள் எழுதிய பெண் அல்ல. அவள் எழுதிய பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதிவேட்டில் ஏறிக்கொண்டாள். இவள் வேறே, பிள்ளைகள் உண்டாக்கியவள். தாளாளர் கடைசியில் டீ குடிக்க எழுந்து போய்விட்டார். ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தாள், பிறகு அம்பாசமுத்திரம் பக்கம் வேறொரு பள்ளிக்கூடம், அங்கேயே தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள், பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு பிள்ளையையும் மேடையேற்றியதில்லை. அப்படியானால் அந்த மூன்று வரிக்கு யார் சொந்தக்காரி? ஆசிரியர் அறையில் இரண்டாம் தடவை நல்ல குரலில் வாசித்தாளே, அவள். அவளுடைய கையெழுத்துதான் அது. அவளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, தம்பியைப் படிக்க வைத்தவள், பாவம். ஆனால் அவள் சொன்னாள் என்பதற்காக இந்த வருஷம் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் எதற்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டும்? வக்கீலம்மா சொன்ன இசக்கி கேட்கிற மாதிரி அது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி தேவைப்படவில்லை. முடிஞ்சிட்டும்மா என்றார் டாக்டர். எத்தனையோ நேரம் ஆன மாதிரி இருந்தது, பதினெட்டு நிமிஷம்தான் என்றார்கள். துணியை எடுத்தார்கள். டாக்டர் முகமூடிக்கு மேலே இரண்டு கண்ணாக இருந்தார், அந்தக் கண் ஏதோ கேட்டது. உப்புதானேம்மா என்றார்.

“நீங்க சொன்னதும் நல்லாத்தான் இருக்கு டாக்டர்” என்றாள் மரகதம். முப்பிடாதி அவள் கண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டே மெல்ல, எங்க டீச்சரு சொன்னது பாட்டி என்றாள். அதுவும்தான் என்றாள் மரகதம்.

வெளியே மங்கை கையில் போனோடு எழுந்து நின்றாள். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது, ஆனால் பேராசிரியர் அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாராம். இப்பப் பேச வேண்டாம் அத்தை, மயக்கமா இருக்கும், நானே சரின்னு சொல்லிரட்டுமா என்றாள் மங்கை. மயக்க மருந்தே கொடுக்கல, சொட்டுதான் என்று மரகதம் போனை வாங்கிக்கொண்டாள். எண்ணை மங்கைதான் அழுத்தித் தர வேண்டியிருந்தது. தணிகாசலம் முதலில் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார், மனசோடுதான் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள்.

“ஐயா, அந்த மடிப்புல இருக்கிறது என் கையெழுத்துதான். நான்தான் எழுதினேன். ஆனா கதை அது இல்ல.”

அவர் நீளமாகப் பேசினார். ஆசிரியரின் நோக்கம் என்றார், மூலபாடம் என்றார், ஒரு விபத்தை இலக்கியம் என்று எத்தனை நாள் காப்பாற்ற முடியும் அம்மா என்றார், கடைசியில் தயக்கத்தோடு கட்டுரையைப் பற்றியும் சொன்னார்.

“எழுதுங்க” என்றாள். “கிழிஞ்சுதான் போச்சு. எந்த விரல் கிழிச்சுதுன்னும் எழுதுங்க. மடிப்போட படத்தையும் போடுங்க, நான் எழுதினதுதான்னு வேணும்னா கீழ கையெழுத்துப் போட்டுத் தாறேன். புத்தகத்துல மட்டும் அது வராது.”

அப்படியென்றால் குழு இசக்கியையே எடுத்துவிடும் என்றார்.

“எடுத்துருங்க.”

வருஷத்துக்கு அறுபதாயிரம் பிள்ளைங்க, நினைச்சுப் பாருங்கம்மா என்றார் அவர். இந்தத் தடவை அவர் குரலில் பேராசிரியர் இல்லை, நூலடைவு தயாரித்த பையன்தான் இருந்தான், கெஞ்சினான். எதிர் பெஞ்சில் வீரவநல்லூர்க்காரர் தன் முறை வருவதற்காகக் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

“அறுபதாயிரம் பேருக்கும் கேக்கணும்னு நான் இன்னொரு தடவ வாசிக்க மாட்டேன் ஐயா” என்றாள்.

அவருக்கு அது விளங்கியிருக்காது. சரிம்மா என்று மட்டும் சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், வைத்துவிட்டார். மங்கை போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி படித்தாள். அத்தையைத் திட்ட வேண்டும், ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே எப்படித் திட்டுவது. நாலு வேளை சொட்டு, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, குனியக் கூடாது என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், ஒவ்வொரு கூடாதும் முந்தியதைவிடக் கொஞ்சம் உரக்க வந்தது. வார்டு ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நிறுத்தினான். லிஃப்ட் வேலை செய்யவில்லை, சாய்வுப் பாதை வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும் என்று மங்கையிடம் சொன்னான். போன வாரமும் இப்படித்தான், சொன்னா யாரு கேக்கா என்றான். எத்தனை மாடி சுற்ற வேண்டும் என்று மங்கை கேட்டாள். இரண்டு என்றான். அவர்கள் அந்த லிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மரகதம் எழுந்தாள், தன் கைப்பையை நாற்காலியில் உட்கார வைத்தாள், மருந்துப் பொட்டலத்தை அதன் மடியில் வைத்தாள், பக்கத்துக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாய்வுப் பாதையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வார்டு ஆள் பேசியபடியே பை உட்கார்ந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.